எஞ்சின் கணினிக்கும் ஒரு வகுப்பறை வேண்டும்: டர்பன் தமிழ்ச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

டர்பன் மாநகரிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழ்ச் சங்கங்களையும் கோயில் மண்டபங்களையும் நடத்திவரும் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சாட்ஸ்வொர்த்தில் கார்களின் மின்னணுப் பழுதுகளைச் சரிசெய்வதைத் தொழிலாகக் கொண்டவன் நான். சனிக்கிழமைப் பிற்பகல்களில் மண்டபத்தின் பின்னறையை ஒதுக்கித் தந்தால், காரின் எஞ்சின் கணினியைப் படித்து அதன் சிப்பைத் தாங்களே திருத்தி எழுதும் வேலையை நம் இளைஞர்களுக்குக் கற்றுத் தருகிறேன் என்று எங்கள் வட்டாரச் சங்கம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். தெருப் பந்தயத்துக்குத் துணைபோகும் என்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்த அச்சத்தைப் பொய் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதே எண்ணம் மற்றச் சங்கங்களிலும் இருக்கக்கூடும் என்பதால் உங்கள் அனைவருக்கும் பொதுவில் எழுதுகிறேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எஞ்சினின் வலுவைக் கூட்ட சிப் மாற்றத்தான் செய்கிறார்கள். 2009 வரை உய்ட்டன்ஹேக்கில் தயாரான சிட்டி கோல்ஃப் ஆகட்டும், குஷேஷே என்று நாடே செல்லமாக அழைக்கும் பழைய பி.எம்.டபிள்யூ. ஆகட்டும், ஒரு காரை வாங்கியதும் யாரோ எங்கோ எழுதிய சிப்பையோ கோப்பையோ காசு கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது; விற்பவர்களிலும் பலருக்குத் தெரியாது. கெடுதல் முழுவதும் இந்த அறியாமையில் இருக்கிறது என்பது என் கருத்து.

உள்ளே இருப்பது அப்படியொன்றும் மாயம் அல்ல. எரிபொருளையும் பற்றவைப்பையும் ஒரே பெட்டியிலிருந்து ஆளும் மோட்ரானிக் அமைப்பை பாஷ் நிறுவனம் 1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் கொண்டுவந்தது. 1980-களின் பிற்பகுதியில் வந்த அத்தகைய பெட்டிகள் பலவற்றைத் திறந்தால் 28 கால்கள் கொண்ட ஈப்ராம் (அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகம்) சிப் ஒன்று தென்படும். 27சி256 வகையானால் அதன் கொள்ளளவு 32,768 பைட்டுகள் மட்டுமே. அதில் ஒரு பகுதி கணினிக்கான ஆணைகள், மற்றொரு பகுதி அட்டவணைகள். ஒரு பக்கம் எஞ்சினின் சுழற்சி வேகமும் மறுபக்கம் அது உள்ளிழுக்கும் காற்றின் அளவும் போட்டு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை பாகை முன்னதாகப் பொறி விழவேண்டும், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்று எண்களாகக் குறித்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 முறை பொறி விழுகிறது. கணினி அண்டைக் கட்டங்களைப் பார்த்து இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. பஞ்சாங்கம் பார்க்கப் பழகியவருக்கு இந்தக் கட்டங்களும் பழகிவிடும்.

நம் ஊருக்கென்றே உள்ள சிக்கல் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இங்கே பொருத்தப்படும் சிப்புகளில் கணிசமானவை ஜோகன்னஸ்பர்க் பக்கம் எழுதப்பட்டவை. அந்த நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் டர்பனில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே எவ்வளவு மிதித்தாலும் அட்டவணையின் கோடியிலுள்ள உச்சச் சுமைக் கட்டங்களை எட்டுவதே இல்லை. எஞ்சினின் வலுவை அளக்கும் டைனோ என்ற உருளை மேடையில் காரை ஏற்றிப் பொறுமையாக, நேர்மையாகச் செய்த வேலையிலும் அந்தக் கட்டங்கள் சோதனைக்கு உட்படாமலே நின்றுவிடுகின்றன. மேட்டுநிலத்தின் மெல்லிய காற்றில் பற்றவைப்பைச் சில பாகைகள் முன்னுக்குத் தள்ளினாலும் எஞ்சின் தாங்கும். அங்கே 93 ஆக்டேன் பெட்ரோல் பரவலாக விற்பனையாவதும் அதனால்தான் (தானாகத் தீப்பிடிக்காமல் தாங்கும் திறனைக் குறிக்கும் எண் ஆக்டேன்). அந்த சிப் வான் ரீனன் கணவாய் வழியாக இறங்கி நம்மிடம் வந்து சேர்ந்ததும், அடர்ந்த காற்றை உள்ளிழுக்கும் எஞ்சின் அதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத கட்டங்களில் ஓடத் தொடங்குகிறது. பொறியிலிருந்து கிளம்பிய சுவாலை வந்து சேருமுன்னே சிலிண்டரின் ஓரத்தில் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே தீப்பிடிக்கிறது. கராஜில் பிங்கிங் என்று நாம் சொல்லும் ஓசை அதுவே. பெரிய எக்ஸாஸ்டும் உரத்த பாட்டும் இருந்தால் அந்த ஓசை காதில் விழாது. பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு உடைந்த பிறகு காரை என்னிடம் இழுத்துவருவார்கள். இங்கே 95 போடுகிறோம் என்று ஆறுதல் சொல்வார்கள். அது ஓரளவு காக்கும். கண்மூடித்தனமாக எழுதிய எண்ணிலிருந்து காக்காது.

நான் நடத்த விரும்பும் வகுப்பில் முதல் சில வாரங்களுக்கு எவரும் சிப்பைத் தொடப்போவதில்லை. கம்ப்ரெஷன், ஸ்பார்க் பிளக், எரிபொருள் அழுத்தம், காற்றுக் கசிவு ஆகியவற்றைச் சோதித்துச் சீராக்கிய எஞ்சினைத்தான் டியூன் செய்ய (அட்டவணை எண்களைத் திருத்தி அமைக்க) முடியும் என்பது முதலில் மனத்தில் பதியவேண்டும். பிறகு மூல சிப்பை இருமுறை படித்து, இரண்டு கோப்புகளும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, அதைப் பத்திரப்படுத்துவார்கள். டியூனர்புரோ போன்ற இலவச மென்பொருளில் அந்த எண்களை வரைபடமாகத் திறந்து, எது பற்றவைப்பு, எது எரிபொருள் என்று இனங்காண்பார்கள். கண்ணாடிச் சாளரம் உள்ள ஈப்ராமைப் புற ஊதா விளக்கின்கீழ் சுமார் 20 நிமிடம் வைத்து அழித்து மறுபடி எழுதலாம் என்பதால், தவறுக்கு விலை அதிகம் ஆகாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்றியதை உடனே குறிப்பேட்டில் எழுதவேண்டும். புகையை வைத்துக் காற்று-எரிபொருள் விகிதத்தை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் லாம்டா மீட்டர் இல்லாமல் எரிபொருள் அட்டவணையில் கைவைக்க விடமாட்டேன். காரோடு வரும் பழைய ஆக்சிஜன் சென்சார், காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்ற விகிதத்துக்கு மேலா கீழா என்று மட்டுமே காட்டும். முழு மிதியில் 12.5-க்கும் 13-க்கும் இடையில் இருக்கவேண்டிய கலவை உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை வைட்பேண்ட்தான் சொல்லும். நிரலாக்கத்தில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இயங்கும் ஸ்பீடுயினோ என்ற திறந்தமூல எஞ்சின் கணினியை மேசைமேல் வைத்து, அதன் ஆணைகளையே வரிவரியாகக் காட்டலாம். அண்மைக்காலக் கார்களின் பூட்டிய கணினிகளை இந்த வகுப்பில் தொடமாட்டோம்.

இனி, தெருப் பந்தயம். கற்றவர்கள் எல்லாரும் பொறுமைசாலிகளாகிவிடுவார்கள் என்று நான் உறுதி கூறமாட்டேன். இருபது வயதில் பொறுமை எவருக்கும் எளிதில் வருவதில்லை. என்னால் செய்யக்கூடியது நிபந்தனை விதிப்பதுதான். முழு மிதிச் சோதனை எதுவும் சாலையில் நடக்காது, வாடகைக்கு எடுத்த டைனோவில் மட்டுமே நடக்கும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய காரை வகுப்புக்குள் சேர்க்கமாட்டேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு வரவேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன்.

கணினி வேலையைக் கம்பெனி ஏஜெண்டுகளிடம் விட்டுவிடலாமே என்று கேட்ட பெரியவர்களும் உண்டு. வாரண்டிக் காலத்திலும் சுயேச்சைக் கராஜ்களை நாடும் வாய்ப்பு கார் உரிமையாளர்களுக்கு இருக்கவேண்டும், அக்கராஜ்களுக்குத் தொழில்நுட்பத் தகவல்கள் கிடைக்கவேண்டும் என்று தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. சிப்பைத் திருத்தினால் வாரண்டி நிலைக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் தகவல் கராஜுக்கு வந்து சேர்ந்தாலும் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் அங்கே வேண்டும் அல்லவா? அத்தகைய ஆட்களை நம் தெருக்களிலிருந்தே உருவாக்கலாம் என்கிறேன்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கியவர்களின் வழியில் வந்த நம் முன்னோர், அரசு பள்ளி கட்டித் தரும்வரை காத்திருக்காமல், தாங்கள் சேர்த்த பணத்தைப் போட்டு மானியம் பெற்றுப் பள்ளிகளை எழுப்பினார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக இந்நாட்டுக்கு வந்து பின்னர் வணிகத்தில் உயர்ந்த எம்.எல். சுல்தான் அளித்த கொடையால், 1946-இல் அவர் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியே டர்பனில் எழுந்தது. 2002-இல் நட்டால் டெக்னிக்கான் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தோடு இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்பதில் அதுவும் அடக்கம். அந்தக் கொடையோடு ஒப்பிட்டால் என் வேண்டுகோள் மிகச் சிறியது.

மின் இணைப்பும் பூட்டும் உள்ள ஓர் அறை, சனிக்கிழமைகளில் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை தேவை. சிப் எழுதும் கருவியும் பழைய எஞ்சின் கணினிகளும் என்னிடம் உள்ளன. வைட்பேண்ட் மீட்டருக்கும் டைனோ வாடகைக்கும் ஆகும் செலவை மாணவர்களும் நானும் பகிர்ந்துகொள்வோம். மண்டபத்துக்குள் எந்தக் காரின் எஞ்சினும் ஓடாது. தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கூழுக்கும் மண்டபம் முழுவதும் உங்களுக்குத் தேவைப்படும் என்பது தெரியும். அந்த வாரங்களில் வகுப்பு நடக்காது. உங்கள் குழுக் கூட்டத்துக்கு அழைத்தால் ஒரு சிப்பையும் மடிக்கணினியையும் எடுத்துவந்து நேரில் விளக்கத் தயாராக இருக்கிறேன். மறுப்பதானாலும் காரணத்தை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் கராஜ்காரர் ஒருவர்