வட்டு மறுத்தால் என்ன ஆகும்? – சேமிப்புச் சாதன டிரைவர் குழுக்களின் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பெங்களூரிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருந்துகொண்டு, இயங்குதளத்தின் மையநிரலான லினக்ஸ் கெர்னலுக்குள் போகும் வட்டு டிரைவர்களை, அதாவது வட்டுகளை இயக்கும் நிரல்களை, எழுதும் குழுக்களை நடத்துகிறீர்கள். உங்கள் நிறுவனம் விற்பது எஸ்.எஸ்.டி.யோ, பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு கார்டோ, எதுவானாலும் அதற்கான டிரைவர் கெர்னலில் இல்லாவிட்டால் எந்தத் தரவு மையமும் அதை வாங்காது. அந்த டிரைவர்களை எழுதித் திருத்துகிறவர்களில் நானும் ஒருவன். உங்களில் எவரையும் தனியாகச் சுட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது: பிறர் எழுதிய நிரலைப் படிக்க உங்கள் குழுவில் யாருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘கெர்னலில் சேர்க்கப்பட்ட பேட்சுகள்’ (நிரலில் செய்து அனுப்பும் மாற்றங்கள்) என்றொரு கட்டம் இருக்கிறது. எத்தனை பேட்ச் உள்ளே போயின, எத்தனை புதிய வசதிகள், வேகம் எவ்வளவு கூடியது என்று அதை நிரப்பலாம். ‘படித்துத் தடுத்து நிறுத்திய பேட்சுகள்’ என்ற கட்டத்தை நான் எந்தப் படிவத்திலும் கண்டதில்லை. அடுத்த நிறுவனத்துக்காரர் அனுப்பிய சில நூறு வரிகளை ஒரு வாரம் உட்கார்ந்து படித்து, ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகளை எடுக்கும் வரிசை தவறு என்று ஒரே ஒரு மின்னஞ்சல் எழுதியவர், உங்கள் கணக்கில் அந்த வாரம் சும்மா இருந்தவர்.

இதன் விலை என்னவென்று தெரிய 2018-க்குப் போவோம். அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 4.19 கெர்னலை நிறுவிய சிலருக்குக் கோப்புகள் சிதையத் தொடங்கின. சிதைந்தவை எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இருந்த கோப்புகள் என்பதால் முதல் சந்தேகம் அதன்மீது விழுந்தது. அதன் பராமரிப்பாளர்கள் சோதனை மேல் சோதனையாக ஓட்டியும் அவர்களுடைய கணினிகளில் எதுவும் சிதையவில்லை. பாதிக்கப்பட்ட பயனர்களே பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்து நிறுவினார்கள். சிதைகிறதா என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்து பார்த்து வட்டத்தைச் சுருக்கினார்கள். கோளாறு கோப்பு முறைமைக்குக் கீழே, வட்டுக்குப் போகும் கோரிக்கைகளை ஒழுங்குசெய்யும் பிளாக் அடுக்கில் இருந்தது.

அந்த மாற்றத்தின் நோக்கத்தில் குறையில்லை. கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் திட்டமிடி எதுவும் தேர்ந்தெடுக்கப்படாத நிலையில், ஒரு கோரிக்கையை வரிசையில் போட்டு எடுப்பதற்குப் பதிலாக நேராக டிரைவரிடம் கொடுத்துவிட்டால் வேகம் கூடும். வட்டு அதை வாங்கிக்கொண்டால் சரி. ‘பிஸி’ என்று திருப்பிவிட்டால் கோரிக்கை மறுபடி வரிசைக்கு வரும். ஆனால், எந்தெந்த நினைவகப் பக்கங்களிலிருந்து தரவை எடுக்க வேண்டும் என்ற பட்டியலை, வட்டுக்கான கட்டளைகளைத் தயாரிக்கும் ஸ்கஸி அடுக்கு அதற்குள் தயாரித்து முடித்திருக்கக்கூடும். வரிசையில் காத்திருக்கும் அந்தக் கோரிக்கையோடு, வட்டில் அதற்கடுத்த இடத்துக்கான இன்னொரு கோரிக்கையைப் பிளாக் அடுக்கு வழக்கம்போல இணைத்துவிடும். கோரிக்கை பெரிதாகிவிட்டது, பட்டியல் பழையதாகவே இருக்கிறது. பத்து மூட்டைக்கு லாரி ரசீது போட்ட பிறகு மேலும் இரண்டு மூட்டைகளைச் சேர்த்தால், ரசீதைப் பார்க்கிறவர் பத்தை மட்டும் இறக்கிக்கொண்டு சரக்கு முழுவதும் வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போடுவார். இங்கும் அப்படித்தான். எழுதப்படாத பகுதியும் எழுதப்பட்டதாகக் கணக்கில் ஏறியது. ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை. டிசம்பரில் 4.19.8 பதிப்பில் திருத்தம் வந்தது.

இந்தப் பிழையை எந்த வேகச் சோதனையும் காட்டியிருக்காது. வட்டு மறுத்தால் நாம் அதுவரை செய்துவைத்த ஏற்பாடுகள் என்ன ஆகின்றன என்று கேட்டுப் படிக்கும் ஒருவருக்குத்தான் அது கண்ணில் படும். எழுதியவர்களையோ ஏற்றுக்கொண்டவர்களையோ நான் பழிக்கவில்லை. பிளாக் அடுக்கையும் ஸ்கஸி அடுக்கையும் ஒருசேர மனத்தில் வைத்துப் படிக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே, அவர்களுடைய அஞ்சல் பெட்டி எப்போதும் நிரம்பி வழிகிறது. அந்தச் சிலரைப் பலராக்கும் வசதி உங்களிடம் இருக்கிறது.

வட்டு டிரைவரில் நேர்வழி எளிதானது. கட்டளையைக் கட்டுகிறோம், புதிய வேலை வந்திருக்கிறது என்று சாதனத்துக்குச் சொல்லும் டோர்பெல் பதிவகத்தில் எழுதுகிறோம், முடிந்தது என்று சாதனம் தரும் இன்டரப்ட் வந்ததும் முடிக்கிறோம். கல்லூரி முடித்து வந்தவர் சில மாதங்களில் இதை எழுதிவிடுவார். சாதனம் பதில் சொல்லாதபோதுதான் உண்மையான டிரைவர் தொடங்குகிறது. ஸ்கஸி வட்டுகளுக்கும், வேகமான எஸ்.எஸ்.டி.களான என்விஎம்இ சாதனங்களுக்கும் லினக்ஸ் தரும் வழக்கமான கெடு 30 விநாடி. அது கடந்தால், கட்டளையைக் கைவிடும்படி டிரைவர் கேட்கிறது. ஸ்கஸியில் அதற்கும் பலன் இல்லாவிட்டால் முதலில் அந்த வட்டை மீளமைக்கிறார்கள், பிறகு இலக்கை, பிறகு இணைப்புத் தடத்தை, கடைசியில் கார்டையே.

இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு பொறி இருக்கிறது. கெடு முடியும் அதே கணத்தில் பதிலும் வந்து சேர்ந்தால், இரண்டு சிபியுக்கள் ஒரே கோரிக்கையை முடித்துவைக்கப் போட்டியிடும். இருவரும் வென்றால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மறுபடி விடுவிப்பார்கள். இதைவிட மோசமானது ஒன்று உண்டு: சாதனம் கட்டளையை உண்மையிலேயே கைவிட்டதா என்று உறுதியாகும் முன்பே டிரைவர் அதன் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. அந்தப் பக்கம் வேறு ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். தாமதமாக விழித்துக்கொண்ட சாதனம், பழைய வாசிப்புக் கட்டளையின்படி டிஎம்ஏ வழியாக (சிபியுவின் துணையின்றி நேராக) அதன்மேல் எழுதிவிட்டுப் போகும். எப்போதோ ஒருநாள், வட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் கெர்னல் விழும். அதைப் பற்றி வரும் புகாரில் உங்கள் டிரைவரின் பெயரே இருக்காது. (சாதனங்கள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஐஓஎம்எம்யு இயக்கத்தில் இருந்தால் சில நேரம் கையும் களவுமாகப் பிடிபடும். அதை அணைத்தால் வேகம் கூடும் என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்கும் விற்பனைக் கையேடுகளையும் பார்த்திருக்கிறேன்.)

தோல்வியைப் பற்றி இரண்டு அடுக்குகள் இரண்டு விதமாக எண்ணிக்கொண்டிருப்பதும் உண்டு. அதே 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழு இதைச் சந்தித்தது. வட்டில் எழுதுவது தோற்றால், தரவை வட்டில் எழுதி முடிக்கும்படி கெர்னலைக் கேட்கும் எஃப்சிங்க் அழைப்பு பிழை சொல்லும், மறுபடி அழைத்தால் கெர்னல் மறுபடி எழுத முயலும் என்று தரவுத்தளம் நம்பியிருந்தது. கெர்னலோ பிழையை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுதப்படாத பக்கத்தை ‘சுத்தம்’ என்று குறித்துவிடும். இரண்டாவது அழைப்புக்கு வெற்றி என்ற பதிலே கிடைக்கும். பிறகு போஸ்ட்கிரெஸ், எஃப்சிங்க் தோற்றால் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்பே எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து மீளும்படி மாற்றப்பட்டது. இரு பக்கமும் நல்ல பொறியாளர்கள்தாம். ஒருவர் நிரலை மற்றவர் படிக்காமலே ஆண்டுகள் ஓடியிருந்தன.

உங்கள் குழுக்கள் அனுப்பும் பேட்ச் தொடர்களுக்கு வருகிறேன். முதல் பதிப்பு வெளியே வரும்போதே அதில், படித்துச் சரிபார்த்தவர் பெயரைச் சொல்லும் ‘ரிவியூட்-பை’ வரிகள் மூன்று இருக்கின்றன. மூன்றும் உங்கள் நிறுவன முகவரிகள். மறுஆய்வாளர் என்ன கேட்டார், எழுதியவர் என்ன பதில் சொன்னார், எது திருத்தப்பட்டது என்பதற்கு வெளியே ஒரு தடயமும் இல்லை. அந்த ஒரு வரி எதற்கெல்லாம் உறுதிமொழி என்று கெர்னல் ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: தொழில்நுட்ப அடிப்படையில் படித்தேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் தெரிவித்தேன், கிடைத்த பதிலில் நிறைவடைந்தேன், எனக்குத் தெரிந்த சிக்கல் எதுவும் இதில் இல்லை. இந்த நான்கையும் மனமறிந்து சொல்லக்கூடியவர் அந்த மூவரில் எத்தனை பேர்?

நம் அலுவலகங்களுக்கே உரிய சங்கடம் ஒன்றும் இதில் இருக்கிறது. குழுத் தலைவர் எழுதிய பேட்சில், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆனவர் ஒரு குறையைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதை உலகமே படிக்கும் இடத்தில் எழுதுவாரா? பெரும்பாலும் மாட்டார். மேசையருகே வந்து மெதுவாக ஒரு சந்தேகமாகக் கேட்பார். ‘அதெல்லாம் பார்த்தாயிற்று’ என்ற பதில் வந்தால் திரும்பிப் போய் ‘ரிவியூட்-பை’ போட்டுவிடுவார். இது அவருடைய கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. மூத்தவர் நிரலில் வெளிப்படையாகக் குறை கண்டவருக்கு அடுத்த மதிப்பீட்டில் என்ன நேர்ந்தது என்பதை அவர் பார்த்திருப்பார். இளையவர் கண்ட குறைக்குக் குழுத் தலைவர் பொதுவில் நன்றி சொல்லி இரண்டாம் பதிப்பை அனுப்பும் ஒரு நிகழ்ச்சி போதும், அந்தக் குழு மாறிவிடும். அதை உங்களால் நடத்திக்காட்ட முடியும், கெர்னல் பராமரிப்பாளரால் முடியாது.

அடுத்த நிறுவனத்தின் நிரலைப் படிக்க நாங்கள் ஏன் சம்பளம் தர வேண்டும் என்று கேட்கிறீர்கள். 2015-இல் நடந்தது அதற்குப் பதில். தேடல் சேவை நடத்தும் அல்கோலியா நிறுவனத்தின் சர்வர்களில் எஸ்.எஸ்.டி.யில் இருந்த கோப்புகளின் நடுவே சில துண்டுகள் பூச்சியமாகிக்கொண்டிருந்தன. இந்த இடத்தில் உள்ள தரவு இனி வேண்டாம் என்று வட்டுக்குச் சொல்லும் டிரிம் கட்டளையோடு தொடர்பு இருப்பது தெரிந்தது, சாம்சங் வட்டுகளின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. சாம்சங் பொறியாளர்கள் அதே சூழலை உருவாக்கித் தேடியபோது, குறை லினக்ஸின் மென்பொருள் ரெய்டு வழியில் இருப்பது தெரிய வந்தது. ஒரு டிரிம் கோரிக்கையை இரண்டாகப் பிளக்கும்போது, இரு பாதிகளும் ஒரே உள் பட்டியலைப் பகிர்ந்துகொண்டன. வாசிப்பு, எழுத்துக் கோரிக்கைகளில் அந்தப் பட்டியலை யாரும் மாற்றுவதில்லை என்பதால் பகிர்வதில் ஆபத்தில்லை. டிரிம்மில் கீழடுக்கு அதை மாற்றி எழுதும். ஒரு பாதிக்காக எழுதியது மறு பாதியைக் கெடுக்கும். பட்டியலை முழுதாகப் படியெடுக்கும் சிறிய திருத்தத்தோடு அது முடிந்தது. (அந்த வட்டுகளில், வரிசைப்படுத்தி அனுப்பும் டிரிம் கட்டளையில் வேறொரு குறையும் இருந்தது, கெர்னல் இன்றும் அதை அவற்றுக்கு அனுப்புவதில்லை. அது தனிக் கதை.) வேறொருவர் எழுதிய பொதுவான நிரலின் பிழைக்கு வட்டு விற்றவர் பெயர் கெட்டது. அந்தப் பிளக்கும் நிரல் மறுஆய்வுக்கு வந்தபோது வட்டு நிறுவனங்களின் பொறியாளர்கள் சிலர் அதைப் படித்திருந்தால், அந்தச் செலவு பெயர் கெட்ட செலவோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

இனி நான் கேட்பது. உங்கள் குழுவிலிருந்து போகும் ஒவ்வொரு பேட்சின் விளக்கத்திலும், எந்தத் தோல்வியை வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதித்தீர்கள் என்று ஒரு வாக்கியம் இருக்கட்டும். கருவிகள் இல்லாமல் இல்லை. ஸ்கஸி டீபக் என்ற போலி வட்டு, கேட்டால் வாசிப்புப் பிழையையும் கெடு கடத்தலையும் நடித்துக்காட்டும். நல் பிளாக், டிஎம்-ஃப்ளேக்கி என்ற சோதனைச் சாதனங்கள் இரண்டும் கெர்னலோடே வருகின்றன. இவை எதுவும் வேண்டாம் என்றால், சுமைச் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டைச் சட்டத்திலிருந்து உருவி எடுங்கள். ஐஓபிஎஸ் எண்ணிக்கையை (விநாடிக்கு எத்தனை வாசிப்பு, எழுத்து என்பதை) அட்டவணை போட்டு அனுப்பும் குழுக்கள் இந்த ஒரு வாக்கியத்தை எழுதத் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை. தொடரின் கடைசியில் ‘டிரைவர் பதிப்பு எண்ணை உயர்த்துதல்’ என்று ஒரு தனி பேட்ச் அனுப்புவதற்கு மட்டும் ஒருபோதும் நேரம் தவறியதில்லை. கெர்னலில் அந்த எண்ணுக்கு யாரும் மதிப்புத் தருவதில்லை என்பதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பேட்ச் ஏற்கப்பட்டவுடன் வேலை முடிந்தது என்று ஆளை அடுத்த பணிக்கு மாற்றிவிடாதீர்கள். 2023 டிசம்பரில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.3 வெளியீடு நிறுத்திவைக்கப்பட்டது. முதன்மைக் கெர்னலில் சரியாக இருந்த ஓர் எக்ஸ்ட்4 திருத்தத்தை 6.1.64 நிலைப்பதிப்புக்கு (திருத்தங்கள் மட்டும் சேரும் பழைய பதிப்புத் தொடருக்கு) கொண்டுவந்தவர்கள், அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய துணைத் திருத்தத்தைக் கொண்டுவரவில்லை. நேரடியாக எழுதப்படும் கோப்புகள் சிதையும் ஆபத்து உண்டானது. டெபியன் 12.4-ஐ டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். நிலைப்பதிப்புகளில் சேரவிருக்கும் பேட்சுகளின் பட்டியல் முன்கூட்டியே பார்வைக்கு வைக்கப்படுகிறது. உங்கள் டிரைவரின் பெயர் அதில் தென்படும்போது, அது தனியே நிற்குமா என்று திறந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

பழைய கார்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விற்பனை நின்றதும் சோதனைக் கூடத்திலிருந்து அவற்றை மின்கழிவாக அனுப்பிவிடுகிறீர்கள், டிரைவர் மட்டும் கெர்னலில் இருக்கிறது. 2019-இல் ஃப்ளாப்பி டிரைவருக்குப் பராமரிப்பாளர் இல்லை என்று அறிவிக்கப்பட்டபோது, இயங்கும் ஃப்ளாப்பி வன்பொருள் கிடைப்பதே அரிதாகிவிட்டது என்பதும் குறிப்பிடப்பட்டது. உங்கள் பத்தாண்டுப் பழைய ரெய்டு கார்டும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. மருத்துவமனைகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் பழைய சர்வர்களை எளிதில் கழித்துவிடுவதில்லை. இரண்டு கார்டுகளையாவது பராமரிப்பாளருக்கு அனுப்பிவையுங்கள். அஞ்சல் செலவு பெரிதாகாது.

அடுத்த காலாண்டுத் திட்டத்தை இந்த மாதம் போடுவீர்கள். ஒவ்வொரு குழுவிலும் அனுபவமுள்ள ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளைப் பிறர் பேட்சுகளைப் படிக்க ஒதுக்குங்கள், அதை மதிப்பீட்டிலும் வேலையாக எழுதுங்கள். எந்த நாள் என்பதை அவருடைய காலண்டரில் நீங்களே பதிவுசெய்வது நல்லது. அவரிடமே விட்டால் அந்த நாளில் நீங்கள் ஒரு மீட்டிங் வைத்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
ஒரு டிரைவர் நிரலாளர்