துவாலு சும்மா இருக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கடல்மட்டம் உயர்வதைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘மூழ்கப்போகும் தீவுகள்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். அங்கே இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பசிபிக் பெருங்கடலில் சுமார் 11,000 பேர் வாழும் குட்டித் தீவு நாடான துவாலுவையே பாருங்கள். நம் சேம்பு இனத்தைச் சேர்ந்த புலாகா கிழங்கை, நன்னீர் ஊறும் ஆழத்துக்குக் குழி தோண்டி அதற்குள் நட்டு வளர்ப்பது அவர்கள் வழக்கம். இப்போது பெரிய ஓதம் வந்தால் உப்புநீர் அடியிலிருந்தே குழிக்குள் ஊறிவிடுகிறது. பயிர் அழுகிப்போகிறது.

சரி, என்ன செய்தார்கள்? தலைநகர் ஃபுனாஃபுட்டியின் கரையோரம் மணல் கொட்டி, மேடான புது நிலம் உருவாக்கினார்கள். 2023இல் அரசியலமைப்பைத் திருத்தி, நிலத்தைக் கடல் கொண்டாலும் துவாலு நாடாகவே நீடிக்கும் என்று எழுதிவைத்தார்கள். ஆண்டுக்கு 280 பேர் குடியேற ஆஸ்திரேலியாவுடன் ஒப்பந்தமும் போட்டார்கள். யார் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் குலுக்கலுக்கே நாட்டில் பெரும்பாலானோர் பதிவு செய்ததைப் படித்தபோது மனசு கனத்துப்போனது.

இந்தச் செய்திகளை உள்பக்க மூலையில் போடாதீர்கள். பருவநிலை மாற்றத்தால் நேரும் சேதத்துக்காகப் பணக்கார நாடுகளிடம் அவர்கள் கேட்கும் இழப்பீட்டு நிதியில் எவ்வளவு வந்தது, யார் தரவில்லை என்பதையும் தொடர்ந்து எழுதுங்கள்.

– ஒரு வாசகர்