ஈஸ்ட்டும் ரைபோசோமும்: மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

ஈஸ்ட்டில் ரைபோசோம் ஆராய்ச்சி என்று நீ சொன்னபோது குரலில் ஒரு சுணக்கம் தெரிந்தது. மனித செல்லில் வேலை கிடைக்கவில்லையே என்ற வருத்தம். போனில் சொல்ல நினைத்ததை நிதானமாக எழுதுகிறேன்.

நல்ல ஊட்டத்தில் வளரும் ஒரு ஈஸ்ட் செல்லுக்குள் சுமார் 2 லட்சம் ரைபோசோம்கள், அதாவது புரதம் தயாரிக்கும் நுண் எந்திரங்கள், இருக்கும். அந்தச் செல் ஏறக்குறைய 100 நிமிடத்தில் இரண்டாகிவிடும். அப்படியானால் நிமிடத்துக்கு 2,000 ரைபோசோமாவது புதிதாக உருவாக வேண்டும். ஒவ்வொன்றிலும் 4 ஆர்.என்.ஏ. இழைகள், 79 புரதங்கள். புரதங்கள் சைட்டோபிளாசத்தில் தயாராகி, நியூக்ளியஸுக்குள் வந்து, பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற பகுதியில் ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்து, முழுசாக முடியாத உருவத்தில் மறுபடி வெளியே போகின்றன. கூடவே 200 வகை உதவிப் புரதங்கள். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல அவை கழன்றுகொள்ளும்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிதாகத் தெரிவது, எவ்வளவு செய்வது என்று செல் எப்படி முடிவு செய்கிறது என்பதுதான். வேகமாக வளரும்போது ஆர்.என்.ஏ. தயாரிப்பில் 60 சதவீதம் அளவு ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கே போய்விடுகிறது. ஊட்டம் குறைந்த பிறகும் இதே செலவைச் செய்ய முடியுமா? அங்கேதான் ஊட்டம் இருக்கிறதா என்று உணரும் டார் (TOR) என்ற புரதம் வருகிறது. நைட்ரஜனும் அமினோ அமிலமும் கிடைக்கும்வரை டார் வேலை செய்யும். ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்து அதை நிறுத்திப் பார்: சில நிமிடங்களில், மரபணுக்களை இயக்கிவிடும் ஐ.எஃப்.எச்.1 என்ற புரதம் ரைபோசோம் புரத மரபணுக்களை விட்டு விலகிவிடும். அதே மரபணுக்களில் ஒட்டியிருக்கும் ஆர்.ஏ.பி.1 என்ற இன்னொரு புரதமோ இடத்தை விடாமல் உட்கார்ந்திருக்கும். நல்ல காலம் திரும்பினால் உடனே தொடங்கலாம் அல்லவா!

அப்புறம், சமநிலை. ஆர்.என்.ஏ. இல்லாமல் புரதங்கள் மட்டும் மிஞ்சினால் அவை ஒன்றோடொன்று திரண்டு செல்லுக்கே கேடு செய்யும். ஆர்.பி.எல்.30 என்ற புரதம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தான் மிஞ்சும்போது, தன் மரபணுவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.விலேயே போய் ஒட்டிக்கொண்டு அதில் வேண்டாத பகுதியை வெட்டி மீதியை ஒட்டும் ஸ்ப்ளைசிங் வேலையைத் தடுத்துவிடும். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உன் வருத்தத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. டார் முதலில் 1991-இல் ஈஸ்ட்டில்தான் பிடிபட்டது. மனிதர்களில் அதைக் கண்டது அதற்குப் பிறகுதான். டைமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தசோகை வரும் பல குழந்தைகளுக்கு ரைபோசோம் புரத மரபணு ஒன்றில்தான் பழுது. அந்தப் பழுது கட்டுமானத்தின் எந்தப் படியைக் கெடுக்கிறது என்று பார்க்க ஈஸ்ட் போல வசதியான செல் கிடையாது.

சரி, உன்னிடம் ஒரு கேள்வி. ஈஸ்ட்டின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு 12-ஆம் குரோமோசோமில் சுமார் 150 பிரதிகளாக இருக்கிறது. அதில் பாதி சும்மா கிடக்கிறது. 40 பிரதிகள் மட்டும் உள்ள ஈஸ்ட்டும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வளர்கிறது, ஒவ்வொரு பிரதியிலும் ஆர்.என்.ஏ. தயாரிக்கும் பாலிமரேஸ் நொதிகள் நெருக்கமாக ஏறிக்கொள்வதால். அப்படியிருக்க மிச்சப் பிரதிகளைச் செல் ஏன் காப்பாற்றுகிறது? உன் ஆய்வகத்தில் இதைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா