பிள்ளை தட்டைத் தள்ளினால் தாயைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் குழந்தை வளர்ப்புப் பகுதியில் சென்ற வாரம் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சாப்பிடும்போது குழந்தையின் கையில் செல்பேசியைக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காய்கறியைக் கண்டு முகம் திருப்பும் பிள்ளைகள் எல்லாரும் தாய் கொடுத்த செல்லத்தால் கெட்டவர்கள் என்ற பொருளில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். அதோடு, இதே எண்ணத்தால் என் மகளை வதைத்தவள்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. முட்டைக்கோஸ் பொரியல் செய்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் அழுகைதான். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, என் அம்மாவிடம் கற்ற பக்குவத்தில் செய்வேன். என் வாய்க்கு அது இனிக்கும். அவளோ முதல் வாயிலேயே கீழுதட்டை மடித்துக்கொண்டு, "கசக்கிறது அம்மா" என்பாள். முட்டைக்கோஸ் எங்காவது கசக்குமா? பொய் சொல்கிறாள் என்று கை ஓங்கியிருக்கிறேன். விழுங்கவும் முடியாமல் துப்பவும் பயந்து, ஒரு கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் அடுக்களைக்குள் திரும்பியதும் கொல்லைப்புறம் ஓடித் துப்பிவிட்டு வருவாள்.

கல்லூரியில் மரபியல் செய்முறை வகுப்பில் பி.டி.சி. தாள் சோதனை என்று ஒன்று உண்டு. பினைல்தயோகார்பமைடு என்ற வேதிப்பொருளில் தோய்த்து உலர்த்திய சிறு வெள்ளைத் தாள். அதை நாக்கில் வைத்தவுடன் ஒருத்தி முகம் கோணித் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடுவாள். அதே பெஞ்சில் அடுத்து உட்கார்ந்திருப்பவள், "வெறும் காகிதம்தானே, மிஸ்" என்பாள். எனக்கும் அது எப்போதும் வெறும் காகிதம்தான். மகள் பிளஸ் டூ படித்த ஆண்டில், மீந்த தாள்களில் சிலவற்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் நாக்கில் வைத்தாள். ஆறு வயதில் மடித்த அதே கீழுதடு மடிந்தது. "கோஸில் வருமே அம்மா, அதே கசப்பு" என்றாள். என் கணவருக்கும் கசந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆண்டுதோறும் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், என் வீட்டுத் தட்டில் இருந்தது எனக்கே தெரியாமல் போயிற்று.

இந்தச் சோதனை ஒரு தற்செயலில் பிறந்தது. 1931-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் இந்தத் தூளைக் குப்பியில் கொட்டியபோது கொஞ்சம் காற்றில் பறந்தது. உடனிருந்தவர் தன் வாயெல்லாம் கசக்கிறது என்று முறையிட்டார். ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இருவரும் தூளை நாக்கில் வைத்தே பார்த்தார்கள், அப்போதும் அப்படியேதான். இந்த வேறுபாடு குடும்ப வழியாக வருகிறது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. காரணமான மரபணு 2003-இல்தான் பிடிபட்டது. ஏழாவது குரோமோசோமில் இருக்கும் அதன் பெயர் டி.ஏ.எஸ்.2.ஆர்.38. நாக்கில் கசப்பை உணரும் ஓர் ஏற்பியை அது உருவாக்குகிறது. அதில் முக்கியமாக இரண்டு வடிவங்கள். உணரும் வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தவருக்குக் கசப்பு கடுமையாகத் தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவருக்குப் பெரும்பாலும் நடுத்தரமாக இருக்கும். இரண்டுமே உணராத வடிவமாக அமைந்துவிட்டால் என்னைப் போல. இந்த ஏற்பி பிடித்துக்கொள்ளும் வேதிக் கட்டமைப்பு முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கிக் குடும்பத்துச் சேர்மங்களிலும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பாகற்காய்க்கும் இதே கணக்குப் போட வேண்டாம். மனித நாக்கில் கசப்புக்கென்று சுமார் 25 வகை ஏற்பிகள் உண்டு. பாகற்காயின் கசப்பு வேறு வகைச் சேர்மங்களால் வருவது. கோஸைத் துப்பிய என் மகள் பாகற்காய்ப் பிட்லையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். அதனால்தான் அவள் நடிக்கிறாள் என்று நான் அத்தனை உறுதியாக நம்பினேன்.

2005-இல் ஃபிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலி மென்னெல்லாவும் அவர் குழுவினரும் தாய்மார்களையும் பிள்ளைகளையும் சேர்த்துச் சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உணரும் வடிவம் ஒன்று மட்டும் உள்ளவர்களில், பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே கசப்பு கூடுதலாகத் தெரிந்தது. என்னை உலுக்கியது இன்னொரு முடிவு. தனக்குக் கசப்பு தெரியாத தாய், கசப்பை உணரும் தன் பிள்ளையை அதிகம் உணர்ச்சிவசப்படும் குழந்தையாகக் கருதினாள். தன்னைப் போலவே கசப்புத் தெரியாத பிள்ளையைப் பெற்ற தாய்மார்களிடம் அந்த அளவுக்கு இல்லை. அடம், திமிர், நடிப்பு என்று நான் வைத்த பெயர்களுக்கெல்லாம் அங்கே விளக்கம் இருந்தது. ஒரே பொரியலை ஒரே தட்டிலிருந்து சாப்பிட்டாலும் நாங்கள் இருவரும் சாப்பிட்டது ஒரே பொருளை அல்ல.

இப்போது அந்த மகளின் மகன், என் பேரன், இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். டப்பாவில் ஒரு காய் மீந்தாலும் அவன் பள்ளியில் விடுவதில்லை. மற்றப் பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, ஆறிப்போன காலிஃபிளவரை முடிக்கும்வரை அவனை வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் வாந்தி எடுத்துவிட்டான். விசாரிக்கப் போன என் மகளிடம், வீட்டில் கண்டிப்பு இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். "நான் சரியாக வளர்க்கவில்லையாம், அம்மா" என்று தொலைபேசியில் அழுதாள். அதற்கு அடுத்த நாள்தான் தங்கள் கட்டுரை வந்தது.

வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2007-இல் பிறந்த இரட்டையர்களைப் பின்தொடரும் ஜெமினி என்ற ஆய்வு இருக்கிறது. ஒரு கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுதும் ஒன்று. இரு கருவாக உருவானவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. வீடும் சமையலும் இரு வகையினருக்கும் ஒன்றே. ஆகவே முதல் வகையினர் கூடுதலாக ஒத்திருந்தால் அதில் மரபின் கை இருக்கிறது என்று கணக்கிடலாம். 2024-இல் வந்த முடிவின்படி, சாப்பாட்டில் 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்னும் குணத்தில் குழந்தைகளுக்குள் காணப்படும் வேறுபாட்டில் 16 மாத வயதில் சுமார் 60 சதவீதமும், 3 முதல் 13 வயது வரை 74 சதவீதமும் அதற்கு மேலும் மரபணு வழிப்பட்டது. இது ஒரு கூட்டத்தினரிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பேரனின் அடத்தில் முக்கால் பங்கு மரபு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தாயின் செல்லம்தான் காரணம் என்று எல்லாரையும் ஒரே வரியில் அடிப்பதற்கு இதில் இடமே இல்லை.

அதே ஆய்வில் 2014-இல் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றி வந்த கணக்கைத் தங்கள் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். காய்கறிப் பிரியத்தில் உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு 54 சதவீதம். நொறுக்குத் தீனியில் அது 29 சதவீதம்தான். அங்கே வீட்டுச் சூழலின் கைதான் ஓங்கியிருந்தது. ஆகவே பெரியவர்கள் கண்டிப்பைக் காட்ட விரும்பினால் சிப்ஸ் பாக்கெட் வாங்கும் இடத்தில் காட்டட்டும். பேரனுக்குத் தாத்தாவே வாங்கி வருவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஓயாமல் பசிக்கிறவர்களுக்கும் இதே அநீதி நடக்கிறது. 1997-இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரச் சிறுவனுக்கு இரண்டு வயதில் 29 கிலோ. வயிறு நிறைந்ததா என்பதல்ல, உடலில் கொழுப்பு இருக்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் அவர்களுக்குச் சுரக்கவே இல்லை. அதன் மரபணுவில் பிழை. ஊசி மூலம் லெப்டின் கொடுக்கத் தொடங்கியதும் அந்தச் சிறுமியின் பசி அடங்கி எடை இறங்கியது. மிக அரிதான குறைபாடுதான். ஆனாலும் 'பெருந்தீனிக்காரி' என்று ஒரு குழந்தையை உறவினர் முன்னிலையில் அழைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுமி நினைவுக்கு வருகிறாள்.

அப்படியானால் காய்கறியே கொடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கொடுக்கத்தான் வேண்டும். மரபு என்றால் மாறாதது என்று பொருளில்லை. பிடிக்காத உணவைச் சிறிதளவு, வற்புறுத்தாமல், பத்துப் பதினைந்து முறையாவது வைத்துப் பார்த்தால் பல குழந்தைகள் ஏற்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உப்பிலுள்ள சோடியம் கசப்பை அமுக்கும். பாகற்காயை உப்பில் பிசறிப் புளியும் வெல்லமும் சேர்க்கும் நம் அடுக்களைக்கு இது புதிதல்ல. என் மகள் இப்போது காலிஃபிளவரில் ஒரே ஒரு பூவைத் தட்டின் ஓரத்தில் வைக்கிறாள். சாப்பிடு என்றும் சொல்வதில்லை, மிச்சம் வைத்தால் கேட்பதும் இல்லை. பள்ளி டப்பாவில் அவன் விரும்பும் அவரைக்காயும் கீரையும் போகின்றன. கோஸில் உள்ள சத்தெல்லாம் கோஸில் மட்டும் இல்லையே.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு குழந்தை மருத்துவரைக் கொண்டு இதைப் பற்றி எழுதச் செய்யுங்கள். எந்தப் பிள்ளையைப் பொறுமையாக விட்டுப்பிடிக்கலாம், எடை குறைகிற, விழுங்கும்போது புரையேறுகிற, நாலைந்து உணவைத் தவிர எதையும் தொடாத எந்தப் பிள்ளையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை அவர் பிரித்துச் சொல்லட்டும். பள்ளிகளில் மதிய உணவு நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் கண்ணில் படும்படி அதை வெளியிட்டால் நல்லது.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை,
தஞ்சாவூர்.