ஹாட் டப் குளோரின்: இறங்கும் முன் ஒரு முறை பாருங்கள்

நண்பர்களே, வீட்டில் ஹாட் டப் (வெந்நீர்க் குளியல் தொட்டி) வைத்திருப்பவர்களுக்கு மட்டும். மூடிதானே கிடக்கிறது, கிருமியைக் கொல்லும் குளோரின் எங்கே போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். வெந்நீரிலும் ஜெட் ஓட்டத்திலும் அது நீச்சல் குளத்தைவிட வேகமாகக் காலியாகும், நாலு பேர் இறங்கி ஏறினால் சொல்லவே வேண்டாம். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை (நிறம் மாறி அளவு காட்டும் பட்டை) நனைத்துப் பாருங்கள்: குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), பிஎச் (அமில-கார அளவு) 7.0 முதல் 7.8க்குள் இருக்க வேண்டும். பிஎச் ஏறிவிட்டால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது.

அப்புறம், மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் வியர்வையோடு சேர்ந்து வீணாய்ப்போன குளோரின்தான் அது. மூடியைத் திறந்து, ஜெட்டை ஓடவிட்டு ஷாக் (ஒரே தடவையில் கூடுதல் குளோரின்) போடுங்கள். குளோரின் அளவு தணியும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். குளித்த ஓரிரு நாளில் நீச்சலுடை மூடிய இடத்தில் சிவப்பாகப் பொரிந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள், சோப்பை அல்ல.