ஹியூமிடர் பெட்டியின் குறைகளும் தவறான பராமரிப்புக் குறிப்பும்: மாற்றுப் பெட்டி கோரிப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 50 சுருட்டு கொள்ளும் மரப்பெட்டியில் உள்ள குறைபாடு தொடர்பாக.

ஐயா,

கடந்த மார்ச் மாதம் ரூ.8,400 கொடுத்துத் தங்களிடம் வாங்கிய ஹியூமிடர் பெட்டியில் (சுருட்டு காய்ந்துபோகாமல் ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டி) ஈரப்பதம் நிற்கவில்லை என்று புகார் செய்ததற்கு, "கிருஷ்ணகிரி வெயிலுக்கு எந்தப் பெட்டியும் தாங்காது" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். இதை ஏற்க முடியாது. வெளிக்காற்று வறண்டிருப்பதால்தானே இப்படி ஒரு பெட்டி தேவைப்படுகிறது? குறை ஊரில் இல்லை, பெட்டியிலும் அதோடு வந்த குறிப்புத்தாளிலும் இருக்கிறது.

முதலில் மூடி. ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி இழுத்தால், நன்றாகப் பொருந்திய மூடி தாளைப் பிடித்துக்கொள்ளும். இதில் இடது கீல் பக்கம் தாள் தடையில்லாமல் வருகிறது. உள்ளே டார்ச்சை எரியவிட்டு இருட்டறையில் பார்த்தால் அதே இடத்தில் வெளிச்சக் கீற்று தெரிகிறது.

அடுத்தது ஹைக்ரோமீட்டர், அதாவது பெட்டிக்குள் இருக்கும் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் மீட்டர். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பு போட்டு, ஈர மணல் போல ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு (உப்பு கரைந்துவிடக் கூடாது), மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். தங்கள் மீட்டர் 83 காட்டியது. அதாவது முள் 70-இல் நிற்கும்போது உள்ளே இருப்பது சுமார் 62தான். சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீதம். அதற்குக் கீழே போனால் மேலிலை வெடிக்கும், எண்ணெய்ப்பசை போய்ச் சூடாக எரியும். 75-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும், உள்ளிலை உப்பி மேலிலையைக் கிழிக்கும். மீட்டரின் பின்புறம் திருத்தும் திருகு இருந்தாலாவது சரிசெய்திருக்கலாம், அதுவும் இல்லை.

உட்பலகை ஸ்பானிஷ் சிடார் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தீர்கள். அது உண்மையில் தேவதாரு இனம் அல்ல. நம் வேம்பும் மகாகனியும் சேர்ந்த குடும்பத்து மரம். அதைப் பச்சையாக, பூச்சு எதுவும் இல்லாமல் விட்டால்தான் ஈரத்தைக் குடித்து மெல்லத் திருப்பித் தரும். தாங்கள் உள்ளேயும் வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். மரம் எதுவாக இருந்தாலும் அதனால் பயனில்லை. போதாததற்கு வார்னிஷ் நெடி இலையில் ஏறிவிடுகிறது.

இவற்றைவிட மோசமானது குறிப்புத்தாள். "குழாய்த் தண்ணீரால் உட்புறத்தை நனைத்துத் துடைத்து, அன்றே சுருட்டை அடுக்குங்கள்" என்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தாது உப்பு கலந்த தண்ணீரை ஊற்றினால், பெட்டிக்குள் ஈரம் தரும் ஸ்பாஞ்சின் துளைகள் அடைத்துப்போகும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். மரத்தை நனைத்தால் அது உப்பி வளையும். மூடி கோணியதற்கு இந்த யோசனையே காரணமாக இருக்கலாம். வடிநீரை ஒரு கிண்ணத்தில் உள்ளே வைத்து மூடி, அல்லது 84 சதவீத ஈரப்பதம் தரும் பாக்கெட்டை வைத்து, இரண்டு வாரம் மரத்தைப் பழக்க வேண்டும். பழக்காத மரம் தன் தாகத்தைச் சுருட்டிடம்தான் தீர்த்துக்கொள்ளும்.

"வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜில் வையுங்கள்" என்பதும் தவறு. ஃப்ரிட்ஜ் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், குழம்பு வாசனையும் ஒட்டிக்கொள்ளும். வெப்பம் குறித்து எச்சரிக்க வேண்டியது வேறு. 24 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிய வாய்ப்பு அதிகம். மேலிலையில் குண்டூசித் துளைகள் விழும். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 30-ஐத் தாண்டுகிறது. அதைப் பெட்டியால் தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பெட்டியைக் குளிர்ந்த அறையில் வைக்கவும், துளை கண்டால் வண்டைக் கொல்லச் சுருட்டை இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு வெளியே என்று படிப்படியாக மாற்றவும் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஃப்ரீசரிலிருந்து நேரே வெளியே எடுத்தால் மேலிலை பிளந்துவிடும்.

குறிப்புத்தாளின் வரலாற்றுப் பகுதியில், ஆங்கிலச் சொல்லான 'செரூட்'டிலிருந்து 'சுருட்டு' வந்தது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மனம் வருந்தியது. நடந்தது நேர்மாறு. 1492-இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவில் மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டார்கள். பின்னர் போர்த்துக்கீசியர் புகையிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இலை வெளியிலிருந்து வந்தது, பெயர் நம்முடையது. சுருட்டுவதால் சுருட்டு, ஆங்கிலத்தின் செரூட் அதிலிருந்து போனதுதான். திருச்சியும் திண்டுக்கல்லும் சுருட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் என்பதற்கும் அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

எனவே, உட்புறம் வார்னிஷ் இல்லாத, மூடி பொருந்திய பெட்டியும், உப்புச் சோதனையில் தேறிய மீட்டரும் 15 நாட்களுக்குள் மாற்றித் தர வேண்டும். இல்லையேல் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். குறிப்புத்தாளைத் திருத்தி, இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கும் அனுப்ப வேண்டும். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இணைப்பு: பில் நகல், மூடி மற்றும் மீட்டரின் படங்கள், குறிப்புத்தாள் நகல்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
வாடிக்கையாளர்