இந்த ஆண்டு எங்கள் பிள்ளைகளுக்காக வந்து நின்றவர்களுக்கு

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

பிப்ரவரியில் நடந்த ஆண்டு விழாவில் நன்றி சொல்லக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். பரிசு வாங்க வேண்டிய பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவும் இப்போது வந்துவிட்டது. எழுதிய பிள்ளைகள் எல்லாரும் தேர்ச்சி. யார் என்ன செய்தார்கள் என்பதை ஆற அமர எழுத இதுதான் நேரம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. ஊருக்குள் ஆள் தெரியாதவர்கள் கிடையாது.

வெளியூரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களுடையது கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. தாய்மார்களில் பாதிக்கு மேல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். மிச்சப் பேருக்கு உளுந்து, பருத்தி, மக்காச்சோளம் என்று மானம் பார்த்த வெள்ளாமை. பள்ளி மணி அடித்த பிறகும் பிள்ளையைப் பள்ளியிலேயே விட்டுவைப்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. வீட்டில் ஒரு கை குறையும். ஆகவே முதல் நன்றி, மாலையிலும் சனிக்கிழமையிலும் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவைத்த அம்மாக்களுக்கு.

அடுத்து, வில்லுப்பாட்டு அண்ணாவி ஐயாவுக்கு. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி அளவில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். நடனத்துக்கும் ஓவியத்துக்கும் எங்கள் பிள்ளைகள் வழக்கமாகப் பெயர் கொடுப்பார்கள். வில்லுப்பாட்டுக்கு யாரும் கொடுத்ததில்லை. நம் பக்கத்துக் கலை அது. கொடை என்னும் திருவிழா நடக்கும் கோவில் எதிலும் அந்தச் சத்தம் கேட்கும். ஆனால் சொல்லித் தர ஆள் வேண்டுமே! ஐயாவிடம் போய்க் கேட்டபோது ஆவணிக் கொடைகளுக்கு நாள் கொடுத்து முடித்திருந்தார். இரவெல்லாம் பாடிவிட்டு, பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, மாலை நாலரைக்குச் சைக்கிளில் பள்ளிக்கு வந்துவிடுவார். சொந்த வில்லையே பிள்ளைகள் கையில் கொடுத்தார். அவருடைய அப்பா காலத்து வில், பனை வைரத்தில் செய்தது. வேறொருவர் என்றால் தொடக்கூட விட்டிருக்க மாட்டார்.

வீசுகோலைப் பிடிப்பது பார்க்க எளிதாகத் தெரியும். நாணில் அடித்த கையோடு கோலை மேலே வீசி, அது திரும்பி வருவதற்குள் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்து, தாளம் பிசகாமல் மறுபடி பிடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் முன்னே உட்கார்ந்து பாடினாள். முதலில் கோல் அவள் கையில் இருந்ததைவிடத் தரையில் கிடந்த நேரம்தான் அதிகம். ஐயா திட்டவே இல்லை. "பாட்டை விட்டுறாத தாயி, கோலு தானா வரும்" என்பார். பக்கப்பாட்டுப் பையன்கள் அசந்தால் மட்டும் குரல் உயரும்: "ஆமா போடுறவன் தூங்கினா கதையும் தூங்கிரும்லே!" கமுகம் பாளையால் குடத்தின் வாயில் அடிக்கும் வேலையை, பள்ளிக்கு ஒழுங்காக வராத ஒரு பையனிடம் கொடுத்தார். குடத்துக்காக வந்தவன், பத்தாம் வகுப்புக் கடைசித் தேர்வு எழுதி முடிக்கும் வரை ஒரு நாளும் நிற்கவில்லை. தேர்ச்சிப் பட்டியலில் நான் முதலில் தேடியது அவன் எண்ணைத்தான்.

கதையையும் பிள்ளைகளே கட்டினார்கள். நம் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்த காலத்தைப் பற்றி ஆச்சிமாரிடமும் தாத்தாமாரிடமும் போய்க் கேட்டு எழுதி வந்தார்கள். வரத்துக் கால்வாய் எப்படித் தூர்ந்தது, சீமைக் கருவேலம் எப்படி உள்ளே வந்தது, மடை திறக்கும் அன்று ஊரில் என்ன சமைப்பார்கள் என்பதெல்லாம் அதில் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்ன பெரியவர்களே, மாவட்டப் போட்டியில் நடுவர்கள் மிகவும் பாராட்டியது உங்கள் வார்த்தைகளைத்தான். வட்டாரத்தில் முதலிடமும் மாவட்டத்தில் இரண்டாமிடமும் கிடைத்தன. மாநிலப் போட்டிக்குப் போக முடியவில்லை என்று பிள்ளைகளுக்கு வருத்தம். எனக்கு இல்லை. நம் கண்மாயின் கதையை அதன் கரையில் வளர்ந்த பிள்ளைகள் மேடையேறிப் பாடிக் கேட்டுவிட்டேன்.

எட்டாம் வகுப்பில் இந்த முறை 4 பேர், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு மொத்தம் 48,000 ரூபாய் உதவித்தொகை வரும். பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் வீட்டில் அந்தத் தொகை பேச்சையே மாற்றிவிடும், கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்குக் காரணம் எங்கள் பழைய மாணவி ஒருத்தி. இப்போது கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். சனிக்கிழமைதோறும் வந்து மனத்திறன் பகுதியைச் சொல்லிக் கொடுத்தாள். பாடப் பகுதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்; மனத்திறன் கேள்விகள் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிது. கண்ணாடியில் தெரியும் கடிகாரத்தில் மணி 3.20 என்றால் உண்மையான மணி என்ன என்று கேட்பார்கள். அவள் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, வகுப்புக் கடிகாரத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்த்து 8.40 என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். அதற்கு அப்புறம்தான் 11.60-இலிருந்து கழிக்கும் குறுக்குவழியைச் சொன்னாள். நான் அந்த இடத்தில் குறுக்குவழியைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். அவள் செய்ததுதான் சரியான ஆசிரியர் வேலை.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் வரும் 1,000 ரூபாயிலிருந்துதான் பழைய வினாத்தாள்களை நகல் எடுத்து வந்தாள் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அது தெரிந்த நாளிலிருந்து ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி தாளுக்கு மட்டும் காசு வாங்கினார், மிஷினுக்கு வாங்கவில்லை. இருவருக்கும் எங்கள் நன்றி.

ஹாக்கிக்கு வருகிறேன். கோவில்பட்டி வட்டாரத்தில் ஹாக்கி பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் பள்ளியில் பெண்கள் அணி என்று ஒன்று இந்த ஆண்டுதான் உருவானது. உடற்கல்வி ஆசிரியர் ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற மூத்த ஆட்டக்காரர் ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்து கைகொடுத்தார். நம் மைதானம் மண் தரை. பந்து நேராக வராது, சின்னக் கல்லில் பட்டாலும் துள்ளும். மட்டையை முழுக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிக் குனிந்து பந்தை நிறுத்தப் பழக்கினார். "மண்ணுல நிறுத்தக் கத்துக்கிட்டா டர்ஃப்ல சும்மா நிறுத்தலாம்" என்பது அவர் கணக்கு; டர்ஃப் என்றால் செயற்கைப் புல்தரை. அந்தக் கணக்கு தப்பவில்லை. குறுவட்டப் போட்டியில் முதலிடம், வருவாய் மாவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை. இறுதி ஆட்டத்தில் தோற்றது ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து மட்டைகளும், கோல் காக்கும் பிள்ளைக்குக் கால் காப்பும் தலைக்கவசமும் வாங்கிக் கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, 2025 டிசம்பரில் பிள்ளைகளை வேன் வைத்து மதுரைக்கு அனுப்பியதை. ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, 24 நாட்டு அணிகள் வந்தன. தொலைக்காட்சியில்கூட ஒரு முழு ஹாக்கி ஆட்டம் பார்க்காத பிள்ளைகள், பெனால்டி கார்னருக்கு ஐந்து பேர் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வருவதை நேரில் பார்த்தார்கள். மறுநாள் காலை மைதானத்தில் அதையேதான் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேன் ஓட்டுநர் தம்பி அன்று இரவு ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, கதவு திறந்த பிறகுதான் வண்டியை எடுத்தார். தம்பி, பெண் பிள்ளைகளை அடுத்த முறையும் பயமில்லாமல் அனுப்புவோம் என்று பெற்றோர் சொன்னது அதனால்தான்.

பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளுக்குத் தரும் இன்ஸ்பயர் விருதுக்குத் தேர்வான மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீக்குச்சி அடுக்கும் அவள் அம்மாவுக்குக் கழுத்து வலி. பலகையைச் சாய்த்து வைத்து, உட்காரும் உயரத்தையும் மாற்றிக்கொள்ளும்படி ஒரு மேசை செய்யலாம் என்பது அவள் யோசனை. மாதிரி செய்ய அரசு தரும் 10,000 ரூபாய் கணக்கில் ஏறுவதற்கு முன்பே, வெல்டிங் பட்டறை அண்ணாச்சி இரும்பை வெட்ட ஆரம்பித்துவிட்டார். அளவு சரியாக இல்லை என்று அவள் மூன்று தடவை மாற்றச் சொல்லியும் முகம் சுளிக்கவில்லை. அந்த மேசை இப்போது அவள் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில்தான் வேலை பார்க்கிறார்.

கழுகுமலைக்குப் போன அன்று உடன் வந்து விளக்கிய ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியருக்கும் நன்றி. அங்கே ஒரே பாறையில் செதுக்கிய வெட்டுவான் கோவிலை மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள் என்று அவர் சொன்னதும், "அப்போ தப்பா வெட்டிட்டா என்ன சார் செய்வாங்க?" என்று ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான். பாறையில் அழித்து எழுத முடியாது, அதனால் முதல் உளி வைப்பதற்கு முன்பே முழுக் கோவிலும் சிற்பியின் மனதில் இருந்திருக்கும் என்றார். அந்தப் பையன் ஊர் திரும்பும் வரை பேசவே இல்லை. இப்போது சோப்புக் கட்டியில் கோபுரம் செதுக்கிக்கொண்டு திரிகிறான்.

மாலை வகுப்புக்குப் பசியோடு யாரும் உட்காரக் கூடாது என்று சுண்டல் வேகவைத்துத் தந்த சத்துணவு அக்காவுக்கு, பயறு கொடுத்த பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு, போட்டி நாட்களில் பை நிறையக் கடலை மிட்டாய் கொடுத்தனுப்பிய கடைக்காரருக்கு, பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்ளும் டவுன் பஸ் ஓட்டுநர்களுக்கு, கூட்டம் என்று சொன்னால் அம்மாக்களை அரை நாள் அனுப்பிவைத்த தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரிகளுக்கு எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அம்மாக்களுக்கு அரை நாள் என்றால் அரை நாள் கூலி போகும். அப்படியும் வந்தார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு வேலை இருக்கிறது. அண்ணாவி ஐயாவின் வில்லை ஆடிக் கொடைக்கு முன்னால் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். பள்ளிக்கென்று சொந்தமாக ஒரு வில் செய்யலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பழைய பனை உத்தரம் ஒன்றை மேலத்தெருப் பெரியவர் தர ஒத்துக்கொண்டார். ஆசாரியும் வருகிறார். முதல் சனிக்கிழமை காலை, பள்ளி வேப்பமரத்தடியில் அந்தப் புது வில்லுக்கு மணி கட்டுகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள், பிள்ளைகள் பாடுவார்கள்.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியை,
உடன் பணியாற்றும் ஆசிரியர்கள், மாணவ மாணவியர்